லினக்ஸ் மேசைக்கணினிச் செயலியை எந்தப் பொதியில் கொடுப்பது? இரண்டு பேர் குழுவுக்கு ஒரு பதில்

பைத்தான் மொழியிலும், சாளரங்கள் அமைக்க உதவும் க்யூடி நிரலகத்திலும் எழுதிய செயலி ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே அதை எழுத்தாக்க உதவுவது அதன் வேலை. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வழங்கலில் (லினக்ஸ் கருவோடு மற்ற நிரல்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு), பைத்தான் செயலியை மூட்டை கட்டும் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே கோப்பாக்கி, டெபியன் 12 என்ற வேறொரு வழங்கலை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தீர்கள். ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு அது நின்றுவிட்டது. அதன் பிறகுதான் டெப், ஆர்பிஎம், ஆப்இமேஜ், ஸ்னாப், பிளாட்பேக் என்ற பொதி வடிவங்களில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் வடிவம் இதுவானாலும் உள்ளே இருக்கும் கவலை வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்தேயிராத கணினியில், பெயர் தெரியாத ஒருவர், உங்களைக் கேட்காமலே இதை நிறுவ வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது ஓட வேண்டும். வேலை முடிந்து வந்து மாலையில் மட்டும் நிரல் எழுதும் இரண்டு பேர் இதை எப்படித் தாங்குவது? இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாட்பேக்கை முதன்மையாக வைத்துப் பிளாட்ஹப் என்ற அதன் செயலிக் கடையில் ஏற்றுங்கள். தெம்பு மிச்சமிருந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் ஆப்இமேஜ் போடுங்கள். டெப், ஆர்பிஎம் பொதிகளை நீங்களே செய்து விநியோகிக்க வேண்டாம். பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் பட்ட அடிகளிலிருந்து இதைச் சொல்கிறேன். எது உறுதியான செய்தி, எது என் சாய்வு என்பதைப் போகிற போக்கில் பிரித்துக் காட்டுகிறேன்.

நண்பரின் கணினியில் நடந்ததில் மர்மம் எதுவும் இல்லை. சி மொழியின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி உபுண்டு 24.04 இல் 2.39, டெபியன் 12 இல் 2.36. பழைய ஜிலிப்சிக்காகத் தொகுக்கப்பட்ட நிரல் புதியதில் ஓடும். புதியதற்காகத் தொகுத்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதிலுள்ள ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. தொகுக்கும் கணினியில் எந்த முத்திரை கடைசியாக இருக்கிறதோ அதுவே உங்கள் நிரலில் பதிந்துவிடும். எழுத்தை எண்ணாக மாற்றும் சில எளிய செயற்கூறுகளுக்கு 2.38 இல் புதிய முத்திரை குத்தினார்கள். உபுண்டுவின் பைத்தான் அவற்றைத்தான் தேடியிருக்கும். பைஇன்ஸ்டாலர் பைத்தானையும் க்யூடியையும் மூட்டை கட்டித் தரும், ஆனால் ஜிலிப்சியைத் தொடாது. அதுவே அதன் வடிவமைப்பு, வழு என்று யாரிடமும் முறையிட முடியாது. இந்த எரிச்சல் உங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2014 இல் டெபியன் மாநாட்டில் பேசியபோது இதையே சொல்லி அலுத்துக்கொண்டார். அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற நீர்மூழ்காளர் செயலிக்கு விண்டோஸ், மேக் இரண்டுக்கும் இருமக் கோப்புகள் தர முடிந்தது. லினக்ஸுக்குத் தருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

டெப் பொதிக்கு வருவோம். டெப், ஆர்பிஎம் ஆகியவை மோசமான வடிவங்கள் அல்ல. ஒரு வழங்கலின் பராமரிப்பாளர், அந்த வழங்கலுக்குள்ளேயே, அங்குள்ள நிரலகங்களோடு ஒத்துப்போகும்படி செய்யும் பொதிக்காக உருவானவை அவை. அந்த வேலையை முப்பது ஆண்டுகளாக நன்றாகவே செய்கின்றன. வெளியிலிருந்து நாம் ஒரு டெப் கோப்பைக் கொண்டுபோய்ச் செருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறி, 1.1 ஐத் தன் பொதிக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டது. பழையதைச் சார்ந்திருந்த வெளியார் பொதிகள் ஒரே நாளில் நிறுவ முடியாதவையாகிவிட்டன. பயனர்கள் எங்கிருந்தோ பழைய நிரலகத்தைத் தேடி எடுத்துக் கையால் நிறுவினார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத குறியாக்க நிரலகத்தை மக்கள் தாமே விரும்பி நிறுவும் நிலைக்குத் தள்ளியதில் பொதி செய்த நமக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. டெப் பொதிக்குள் இருக்கும் நிறுவல் கட்டளைகள் நிர்வாகி உரிமையோடு ஓடும். அதில் ஒரு வரி பிழையாக எழுதினால் அந்நியர் ஒருவரின் கணினி முழுவதும் உங்கள் கையில் கெடும். புதுப்பிப்புகளுக்காகத் தனிக் களஞ்சியம் நடத்துவது அடுத்த பொறுப்பு. ஒரு செயலிக்காக அப்படி ஒன்றை நான் நடத்தினேன். கையொப்பச் சாவிக்கு இரண்டு ஆண்டு காலக்கெடு வைத்துவிட்டு அதை மறந்தும் போனேன். கெடு முடிந்த காலை, என் செயலியைத் திறக்கவே திறக்காதவர்களுக்கும், கணினியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் என் களஞ்சியத்தின் பெயரோடு எச்சரிக்கை வரத் தொடங்கியது. வந்த கடிதங்களில் ஒன்று கூட அன்பாக இல்லை, இருந்திருக்கவும் வேண்டியதில்லை. ஓப்பன்சூசேயின் தொகுப்புச் சேவை ஒரே மூல நிரலிலிருந்து டெபியன், உபுண்டு, ஃபெடோரா எனப் பலவற்றுக்கும் பொதி செய்து தரும் என்பது உண்மைதான். ஆனால் அது இயந்திர நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு நிரலகத்தின் பெயர் மாறியதைத் துரத்தும் வேலை உங்களுடையதாகவே இருக்கும்.

ஆப்இமேஜ் நீங்கள் செய்த முயற்சிக்கு மிக நெருக்கமானது. ஒரே கோப்பு, இயக்கும் அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் ஓடும், நிறுவலும் இல்லை, நீக்கலும் இல்லை, அழித்தால் போயிற்று. உள்ளே சுருக்கிய கோப்பமைப்பு ஒன்று இருக்கும், இயக்கும்போது தற்காலிகமாக ஏற்றப்படும். இணையம் இல்லாத கணினிக்கு விரலியில் கொண்டுபோவதற்கும், ‘நேற்று திருத்திய வழு சரியாகிவிட்டதா, இதை ஓட்டிப் பாருங்கள்’ என்று ஒருவருக்கு அனுப்புவதற்கும் இதைவிட வசதியானதை நான் பார்த்ததில்லை. ஆனால் இதுவும் ஜிலிப்சியைச் சுமப்பதில்லை. ஆகையால் நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய வழங்கலில் தொகுக்க வேண்டும், உங்கள் சொந்தக் கணினியில் அன்று. டெபியன் 11 இன் கொள்கலனில் (உங்கள் கணினிக்குள்ளேயே வேறொரு வழங்கலைத் தனியே ஓட்டும் வழி) தொகுத்தால் ஜிலிப்சி 2.31 போதும், நண்பரின் கணினியிலும் ஓடும். பைஇன்ஸ்டாலரிலேயே நிற்க விரும்பினாலும் இதே மருந்துதான். இன்று மாலையே செய்து பார்க்கலாம்.

ஆப்இமேஜின் மற்றக் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆப்இமேஜ்கள், கோப்பமைப்பை ஏற்ற உதவும் ஃபியூஸ் நிரலகத்தின் இரண்டாம் பதிப்பைத் தேடும், உபுண்டு 22.04 முதல் அது தானாக நிறுவப்பட்டு வருவதில்லை. புதிய இயக்கத் தலைப்பை (ஆப்இமேஜின் முன்பகுதியில் இருந்து அதைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்) பயன்படுத்தினால் இந்தத் தேவை போய்விடும். ஆகவே ஆப்இமேஜ் செய்யும் கருவியின் பழைய பதிப்பை எங்கிருந்தோ நகலெடுத்த உரையிலிருந்து எடுக்காதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை வடிவம் அனுமதிக்கிறது, ஆனால் அதை நீங்கள் அமைக்க வேண்டும், பயனரும் பயன்படுத்த வேண்டும். நடைமுறையில் மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆப்இமேஜ் பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்து ஓடிக்கொண்டே இருக்கும். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட நிரலகத்தில் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது வழங்கல்கள் தம்முடைய ஒரு பொதியைத் திருத்தி அனுப்பின. அந்த நிரலகத்தைத் தமக்குள் மூட்டை கட்டிய ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக மறுவெளியீடு காண வேண்டியிருந்தது. நிரலகத்தை மூட்டைக்குள் வைத்த கணமே அதன் பாதுகாப்புக்கும் நீங்கள் காவல் ஆகிறீர்கள். பதிவிறக்கப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

பிளாட்பேக் இந்தச் சுமையை இரண்டாகப் பிரிக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். செயலியைப் பயனரின் மற்றக் கோப்புகளிலிருந்து விலக்கி அடைத்து வைக்கும் சாண்ட்பாக்ஸ் அடுத்த காரணம். உங்கள் செயலி ‘இயக்கத்தளம்’ எனப்படும் பொது அடுக்கின் மேல் உட்காருகிறது. ஜிலிப்சி, ஒலி, எழுத்துரு, வரைகலை நிரலகங்கள் எல்லாம் அந்த அடுக்கில் இருக்கும், அதைப் பராமரிப்பவர்கள் வேறு குழுவினர். அங்கே ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயனருக்குத் திருத்தம் போய்ச் சேரும். டெபியனோ ஃபெடோராவோ ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கணினியோ, செயலி காண்பது அதே அடுக்கைத்தான். ஸ்டீம் டெக்கைப் போல அடிப்படை அமைப்பைப் பூட்டி வைத்திருக்கும் கணினிகளில் வெளியார் பொதிகளை நிறுவுவது பெரும் தொல்லை. பிளாட்பேக் அங்கே இயல்பான வழி. ஃப்ரீடெஸ்க்டாப் இயக்கத்தளம் ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் வெளியாகிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டு ஆதரவு. க்யூடி செயலிகள் வழக்கமாக உட்காரும் கேடிஈ இயக்கத்தளம் இன்னும் வேகமாக மாறும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது இயக்கத்தள எண்ணை உயர்த்தி, சோதித்து, வெளியிட வேண்டும். நீங்கள் கொடுக்கும் வாக்கு இவ்வளவுதான். இரண்டு பேரால் நிறைவேற்றக்கூடிய வாக்கு என்று எனக்குத் தோன்றுவதும் இது ஒன்றுதான்.

செலவில்லாமல் எதுவும் வராது. உங்கள் செயலிக்கே உரிய மூன்று இடறல்களைச் சொல்கிறேன். முதலாவது: பயனர் ஓர் ஒலிக்கோப்பைத் திறக்கிறார், செயலி அதன் பக்கத்திலேயே அதே பெயரில் எழுத்துக்கோப்பைச் சேமிக்கிறது என்று உங்கள் விவரிப்பிலிருந்து புரிந்துகொள்கிறேன். பிளாட்பேக்கில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் செயலிக்கு வெளியே இருக்கிறது. ‘போர்ட்டல்’ எனப்படும் வாயில் வழியாக, பயனர் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கோப்பு மட்டும் உள்ளே வரும். பக்கத்து வீட்டுக் கோப்பு உங்கள் கண்ணுக்கே தெரியாது, அங்கே புதிதாக எழுதவும் முடியாது. பாதையும் விநோதமான ஒரு தற்காலிக இடத்தைக் காட்டும். ‘அண்மையில் திறந்தவை’ பட்டியலில் அதை அப்படியே காட்டினால் பயனர் குழம்பிப்போவார். வழிகள் உண்டு. கோப்புக்குப் பதிலாகக் கோப்புறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். எழுத்தாக்கத்தைச் செயலியின் சொந்தத் தரவிடத்தில் வைத்துவிட்டு ‘ஏற்றுமதி’ என்று தனிக் கட்டளை தரலாம். இசை, ஆவணம் ஆகிய இரண்டு கோப்புறைகளுக்கு மட்டும் நிலையான அனுமதி கேட்கலாம். இல்லக் கோப்புறை முழுவதற்கும் அனுமதி கேட்டுவிட்டால் எல்லாம் உடனே சரியாகிவிடும். நானும் அவசரத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் அதன் பிறகு சாண்ட்பாக்ஸ் என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம் மிஞ்சாது. க்யூடியின் வழக்கமான கோப்புச் சாளரத்தை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் வாயிலை அது தானே பயன்படுத்தும். அழகுக்காகச் சொந்தச் சாளரம் எழுதியிருந்தால் அதைக் கைவிடுங்கள்.

இரண்டாவது, கால்மிதி. தட்டச்சு செய்யும்போது காலால் ஒலியை நிறுத்தித் தொடங்கும் யூஎஸ்பி மிதியை ஆதரிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது விசைப்பலகையைப் போலத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வகையானால் எந்தப் பொதியிலும் சிக்கல் இல்லை. நேரடியாகச் சாதனத்தைத் திறந்து படிக்கும் வகையானால், சாதாரணப் பயனருக்கு அந்த உரிமையைத் தரும் யூடெவ் விதிக்கோப்பு ஒன்று அமைப்புக்குள் போக வேண்டும். பிளாட்பேக்கால் அதை வைக்க முடியாது. சாதன அனுமதி அத்தனையையும் கேட்டாலும், அமைப்பு மறுத்த சாதனம் மறுத்ததாகவே இருக்கும். ஆப்இமேஜுக்கும் இதே கதி. டெப் பொதி உண்மையில் வெல்லும் இடம் இது. நான் கண்ட நடைமுறைத் தீர்வு: விதிக்கோப்பைத் தனியாகக் கொடுத்து, மிதியைத் திறக்க முடியாதபோது மட்டும் செயலியே ஒரு செய்தி காட்டி, நகலெடுத்து ஒட்ட ஒரே ஒரு கட்டளையைத் தர வேண்டும். அழகான தீர்வன்று. ஆனால் மிதி வைத்திருப்பவர்கள் உங்கள் பயனர்களில் ஒரு பகுதியினர்தான், அவர்களுக்காக மற்ற எல்லாருக்குமான விநியோக முறையை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது இடறலுக்குப் பிளாட்பேக்கின் மேல் பழி போட வேண்டாம். வேறு சாளரத்தில் இருக்கும்போதும் குறுக்குவிசையால் ஒலியை நிறுத்தும் வசதி திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் முறையில் ஓடியது, அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் ஓடாது. எந்தச் செயலியும் மற்றச் செயலிகளுக்குப் போகும் விசைகளை ஒட்டுக்கேட்கக்கூடாது என்பது வேலண்டின் கொள்கை. அதற்கென ஒரு வாயில் இருக்கிறது. மேசைச்சூழல்களில் கேடிஈ முன்பே ஆதரித்தது, குனோம் 48 ஆம் பதிப்பில் ஆதரித்தது. நீங்கள் டெப் செய்தாலும் இந்த வேலை காத்திருக்கும்.

பிளாட்ஹப்பில் ஏற்றும் முறை முதல் தடவை கடுப்பேற்றும். தொகுக்கும்போது இணைய இணைப்பு கிடையாது; ஒவ்வொரு பைத்தான் சார்புக்கும் முகவரியும், கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் சரிபார்ப்புக் கூட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கையால் எழுதாதீர்கள், பட்டியலை உருவாக்கித் தரும் கருவி பிளாட்பேக் திட்டத்திலேயே இருக்கிறது. விளக்கம், உரிமம், திரைப்பிடிப்பு அடங்கிய தகவல் கோப்பும் கேட்பார்கள், மனிதர்கள் படித்துத் திருத்தம் சொல்வார்கள். என் முதல் விண்ணப்பத்தில் இருபதுக்கு மேற்பட்ட குறிப்புகள் வந்தன. இரண்டைத் தவிர மற்றவை நியாயமானவை.

ஸ்னாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இங்கே என் சாய்வு கலந்திருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பமாக அதுவும் இதே சிக்கலைத் தீர்க்கிறது. பின்னணியில் ஓடும் சேவைகளுக்கும் முனையக் கருவிகளுக்கும் பிளாட்பேக்கைவிடப் பொருத்தமானது. உபுண்டுவில் எதையும் கூடுதலாக நிறுவாமலே ஓடும். பிளாட்பேக்கோ உபுண்டுவில் முன்னிருப்பாக இல்லை. உங்கள் உபுண்டு பயனர்கள் முதலில் அதை நிறுவ வேண்டியிருக்கும். இது என் பரிந்துரையின் உண்மையான பலவீனம். மறுபுறம், ஸ்னாப் கடை ஒன்றே ஒன்றுதான். அதன் வழங்கி நிரல் மூடியது, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 2020 இல் தன் இருபதாம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை முன்னிருப்பாகத் தடுத்துவிட்டது. கிரிப்டோ நாணயப் பணப்பை போல வேடமிட்ட திருட்டுச் செயலிகள் கடைக்குள் புகுந்த பிறகு, 2024 முதல் புதிய பெயர்ப் பதிவுகளை மனிதர்கள் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். உங்கள் பயனர்களில் பெரும்பாலோர் உபுண்டுக்காரர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஸ்னாப்பில் தொடங்குவதில் தவறில்லை. தெரியாதபோது நான் அங்கே தொடங்கமாட்டேன்.

நீங்கள் டெப் செய்யாததால் டெப் வராது என்று அர்த்தமில்லை. செயலி நன்றாக இருந்தால் எங்கோ ஒரு பராமரிப்பாளர் தம் வழங்கலுக்காக அதைப் பொதியாக்குவார். அவருக்கு வழிவிடுங்கள்: வெளியீடுகளுக்கு ஒழுங்கான எண் இடுங்கள், உரிமக் கோப்பை மறக்காதீர்கள், தொகுக்கும்போது இணையத்திலிருந்து எதையும் இழுக்காதீர்கள். உரசல்களும் வரும். 2025 தொடக்கத்தில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற திரைப்பதிவுச் செயலியின் திட்டத்துக்கும் ஃபெடோராவுக்கும் இடையே வெளிப்படையான பிணக்கு எழுந்தது. ஃபெடோரா தானே செய்த பிளாட்பேக் சரியாக ஓடவில்லை; பயனர்கள் அதை அதிகாரபூர்வமானது என்று நம்பி, புகார்களை ஓபிஎஸ் நிரலாளர்களிடம் கொண்டுபோனார்கள். உங்களுக்கும் சிறிய அளவில் இது நேரும். ஆகவே ‘பற்றி’ சாளரத்தில் பதிப்பு எண்ணோடு பொதியின் வகையையும் காட்டுங்கள். பிளாட்பேக்குக்குள் ஓடும்போது வேர்க் கோப்புறையில் ஒரு தகவல் கோப்பு இருக்கும். ஆப்இமேஜும் ஸ்னாப்பும் தத்தம் பெயரில் சூழல் மாறிகளை வைக்கும். பத்து வரி நிரல் போதும். வழு அறிக்கையைப் படிக்கும்போது ‘இது எந்தப் பொதி?’ என்று கேட்டுப் பதிலுக்கு மூன்று நாள் காத்திருக்கும் வேலை மிச்சம்.

பெரிய நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குச் செயலி கொண்டுசேர்த்த அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் பயனர்கள் அப்படிப்பட்ட அலுவலகங்களில் இருந்தால் அங்குள்ள நிர்வாகிகள் எதை அனுமதிக்கிறார்கள் என்பதே முடிவு செய்யும். என் விருப்பத்துக்கு அங்கே வேலை இல்லை.

தொடங்குவதற்கு முன் செயலியின் அடையாளப் பெயரை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மாற்றினால் பயனர்களின் அமைப்புகள் எல்லாம் பழைய பெயரிலேயே தங்கிவிடும். அது தலைகீழாக எழுதிய இணைய முகவரியின் வடிவில் இருக்க வேண்டும்; அந்த முகவரி, அல்லது நிரல் வைத்திருக்கும் தளக் கணக்கு, உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் பிளாட்ஹப்பில் சரிபார்க்கப்பட்ட குறியீடு கிடைக்கும். கால்மிதியைச் செருகிவிட்டு, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டி, அதில் வரும் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் இங்கே எழுதுங்கள். விதிக்கோப்பு எழுத அவை இரண்டும் போதும்.